முக்திநாத்துக்கு இருவராகக் கிளம்பும் முன்: அட்டை, பணம், காற்று

சென்ற ஐப்பசியில் நானும் என் வீட்டுக்காரரும் நேபாளம் போய் வந்தோம். அவருக்கு வேண்டியது முக்திநாத் பெருமாள். எனக்கு வேண்டியது பனிமலையும் பழைய ஊர்களும். கிளம்பும் முன் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நேபாளம்தானே, விசாகூட வேண்டாம், சும்மா போய்ட்டு வாங்க." அந்தச் 'சும்மா'வை நம்பிப் போனதில் ஒரு விமான நிலையத்தில் நாற்பது நிமிடம் வியர்த்து நின்றோம், முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோமில் மாட்டிக்கொண்டோம், ஊர் திரும்பும் டிக்கெட் இரண்டும் வீணானது. உங்களுக்கு அது வேண்டாம். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் அட்டையை எடுத்துப் பாருங்கள்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் விமானத்தில் போக, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லாது. பான் கார்டும் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மட்டும்தான் ஆதாருக்குச் சலுகை உண்டு. என் வீட்டுக்காரருக்கு 63. "சீனியர் சிட்டிசன்தானே" என்று ஆதாரை நீட்டினார். கவுன்டரில் இருந்த பெண் பாவம், பொறுமையாகத்தான் தலையாட்டினாள்.

நல்லவேளை, வாக்காளர் அட்டை பெட்டிக்குள் இருந்தது. ஆனால் அடுத்த சிக்கல் அதில்தான் தொடங்கியது. நம் இனிஷியல் விவகாரம். அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்தது. டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்ததால் மாமனார் பெயரை முழுசாகப் போட்டிருந்தோம். இரண்டும் ஒரே ஆள் என்று மேலதிகாரியை வரவழைத்து, பழைய ஆவணங்களைக் காட்டி, ஒரு வழியாக போர்டிங் பாஸ் வாங்கினோம்.

அதனால் எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து டிக்கெட் போடுங்கள். கணவன் மனைவி இருவரின் அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த அட்டையில் மனைவி பெயரோடு அப்பா பெயர் இருக்கும், பிற்பாடு எடுத்ததில் கணவர் பெயர் இருக்கும். அசல் அட்டை கையில் இருக்கட்டும், போனில் உள்ள படத்தை நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், பேசாமல் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் அதற்கு மேல் 2,000 ரூபாய். போலீஸ் விசாரணைக்கும் நேரம் விட்டு, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நேபாளத்தில் சிம் வாங்கவும், விடுதியில் அறை எடுக்கவும், அனுமதிச் சீட்டு வாங்கவும் அதையே நீட்டலாம். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆளுக்கு ஆறாவது எடுத்துப் போங்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் முதல் மே வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. ஜூனிலிருந்து மழைக்காலம், மலைப்பாதையில் மண்சரிவு வரும், விமானமும் அடிக்கடி ரத்தாகும். டிசம்பர், ஜனவரியில் மேலே பனி. பள்ளி விடுமுறை என்று ஜூனில் டிக்கெட் போடாதீர்கள்.

அக்டோபரில் ஒரு பொறி இருக்கிறது. அவர்களுடைய தசைன் பண்டிகை, நம் நவராத்திரி சமயத்தில் வரும். நம் தீபாவளி மாதிரி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பஸ், விமானம், ஜீப் எதிலும் இடம் கிடைக்காது, கடைகளும் பாதி மூடியிருக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், நாட்காட்டியைப் பார்த்துத் தள்ளிப் போடுங்கள்.

3. வழியும் உபரி நாளும்

நாங்கள் சென்னையிலிருந்து தில்லி வழியாகக் காத்மாண்டுவுக்குப் பறந்தோம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கோரக்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் சோனௌலி எல்லையைத் தாண்டலாம். அப்படிப் போனால் புத்தர் பிறந்த லும்பினி வழியிலேயே வந்துவிடும். முதுகு தாங்குமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பனிமலை பார்க்க ஆசை இருந்தால் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்: தில்லியிலிருந்து காத்மாண்டு போகையில் இடப்பக்கம், காத்மாண்டுவிலிருந்து முக்திநாத் வழியில் இருக்கும் போக்ரா நகருக்குப் போகையில் வலப்பக்கம்.

எங்கள் திட்டம் எட்டு நாள். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டுவில் மூன்று நாள், நான்காம் நாள் போக்ரா, ஐந்தாம் நாள் ஜோம்சோம் அல்லது அதன் பக்கத்து ஊரான மார்பா, ஆறாம் நாள் முக்திநாத். ஏழாம் நாளில் எதையும் வைக்காதீர்கள். எட்டில் போக்ரா, ஒன்பதில் காத்மாண்டு, பத்தில் ஊர். அந்த ஏழாம் நாளைப் பார்த்ததும் டிராவல்ஸ்காரர் "வேஸ்ட்டா இருக்கே சார், மனகாமனா கோயிலையும் சேர்த்துடலாமா?" என்பார். சேர்க்காதீர்கள். காரணம் கடைசியில் வரும்.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் போகிறது, பறப்பது இருபது நிமிடம் சொச்சம். காலையில் மட்டும்தான், பத்து, பதினொரு மணிக்கு மேல் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிடித்துக்கொள்ளும். பெட்டி எடைக்கும் வரம்பு குறைவு, பெரும்பாலும் ஆளுக்குப் பத்து கிலோ. மீதிச் சாமானைப் போக்ரா விடுதியில் வைத்துவிட்டுப் போகலாம், அங்கே இது சகஜம். உள்நாட்டு விமானங்களில் நேபாளிகளுக்கு ஒரு கட்டணம், இந்தியர்களுக்கு ஒன்று, மற்ற நாட்டாருக்கு டாலரில் ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது டாலர் விலையாக இருக்கலாம். இந்தியக் கட்டணம் எது என்று கேளுங்கள்.

4. பணம்: ஐசியா, என்சியா?

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். இந்த விகிதம் பல ஆண்டுகளாக அப்படியே கட்டிவைக்கப்பட்டிருப்பதால் மாற்றுவதில் பெரிய சூதாட்டம் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியப் பணத்தை 'ஐசி' என்பார்கள், நேபாளப் பணத்தை 'என்சி' என்பார்கள். வெறுமனே "ஆயிரம்" என்று சொன்னால் எது? காத்மாண்டுவில் ஒரு டாக்சியில் எண்ணூறு என்று பேசி ஏறினோம். இறங்கும்போது அவர் ஐசி என்றார், நாங்கள் என்சி என்றோம். பேச்சு நீண்டு, கடைசியில் நடுவில் ஒரு தொகையில் முடிந்தது. அதற்கப்புறம் எதற்கும் "ஐசியா, என்சியா?" என்று கேட்காமல் நான் வாயைத் திறக்கவில்லை.

நோட்டு விஷயத்தில் கவனம். 2018 டிசம்பரில் நேபாளம் 200, 500, 2000 ரூபாய் இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. விதியைத் தளர்த்தும் பேச்சும் அறிவிப்புகளும் பிறகு வந்துகொண்டே இருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் நோட்டுக்கு எந்தக் காலத்திலும் பிரச்சினை வந்ததில்லை. வங்கியில் ஒன்றிரண்டு கட்டு கேட்டு வாங்கிப் போங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றும் அட்டை) எடுக்க வேண்டாம். இந்திய வங்கிகள் தரும் ஃபாரெக்ஸ் கார்டுகள் நேபாளத்திலும் பூட்டானிலும் செல்லாது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, பணத்தை ஏற்றிய பிறகு அட்டையோடு வந்த காகிதத்தில் படித்தோம். யுபிஐ 2024 மார்ச்சிலிருந்து நேபாளக் கடைகளில் வேலை செய்கிறது. அங்குள்ள கியூஆர் பலகையில் ஃபோன்பே என்று இருக்கும். அது அந்த ஊர் நிறுவனம், நம் ஊர் ஃபோன்பே இல்லை. காத்மாண்டுவிலும் போக்ராவிலும் பெரும்பாலும் சரியாகப் போனது. போக்ராவைத் தாண்டினால் ரொக்கம்தான்.

மொத்தச் செலவு: சென்னையிலிருந்து சென்னை வரை இருவருக்கும் ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது, வீணான டிக்கெட்டைச் சேர்க்காமல். இதில் பாதிக்கு மேல் விமானக் கட்டணம்தான். அடுத்தது ஜீப். சாப்பாடும் தங்குமிடமும் நம் ஊர் மலைவாசஸ்தலங்களை விடக் குறைவாகத்தான் இருந்தது.

5. அனுமதிச் சீட்டு, சிம், காப்பீடு

முக்திநாத் இருப்பது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள். அதற்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும். நம்மையும் சேர்த்து சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். காத்மாண்டுவிலோ போக்ராவிலோ அடையாள அட்டையும் புகைப்படமும் கொடுத்தால் கிடைக்கும். நேபாளத்தில் வாராந்திர விடுமுறை சனிக்கிழமை. நாங்கள் போக்ராவில் போய் இறங்கியது சனிக்கிழமை மத்தியானம். பேக்கேஜில் போகிறவர்கள், இந்தக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிம்மைக் காத்மாண்டு விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம். மலைக்கு அரசு நிறுவனமான நேபாள் டெலிகாம் தேவலை என்றார்கள். எங்களுக்கு முக்திநாத் வரை சிக்னல் இருந்தது. பயணக் காப்பீட்டில் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டாம், ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கினால் கொடுப்பார்களா. முக்திநாத்தின் உயரம் சுமார் 3,700 மீட்டர்.

6. காத்மாண்டுவில் மூன்று நாள்

கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டி வையுங்கள். அரை மணிகூட இல்லை, கால் மணி வித்தியாசம்.

பசுபதிநாதர் கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், சனிக்கிழமை வேண்டாம். பெல்ட், மணிபர்ஸ் என்று தோல் சாமான் எதுவும் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. பிரதான கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. நான்கு வாசல்களிலும் நின்று நான்கு முகங்களையும் பாருங்கள், ஒரு வாசலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பாக்மதிக் கரையில் சிதைகள் எரிந்துகொண்டே இருக்கும். பலர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போனைப் பைக்குள் போடுங்கள். மாலையில் அதே ஆற்றங்கரையில் ஆரத்தி நடக்கும், அதற்கு இன்னொரு முறை வரலாம்.

புதாநீலகண்டத்தை நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். நகரத்துக்கு வடக்கே, திறந்தவெளிக் குளத்துக்குள் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள், சுமார் ஐந்து மீட்டர் நீளக் கருங்கல் உருவம். ஸ்ரீரங்கத்தில் தள்ளுமுள்ளுக்கிடையே ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துப் பழகிய என் வீட்டுக்காரர் இங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

பௌத்தநாத் தூபியை வலம்தான் வர வேண்டும், எதிர்ப்பக்கம் நடக்காதீர்கள். சுயம்புநாத்தில் குரங்கு ஜாக்கிரதை. பழைய ஊர் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் பக்தபூர் போங்கள். நுழைவுக் கட்டணத்தில் சார்க் நாட்டவருக்குக் குறைவு, அட்டையைக் காட்டினால்தான் தருவார்கள். அங்கே மண்சட்டியில் 'ஜூஜூ தௌ' என்று கட்டித் தயிர் விற்பார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, அடியில் மண்வாசனை.

சைவக்காரர்களுக்கு தால்பாத் எங்கும் கிடைக்கும், சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். பலகையில் 'பஃப்' என்று இருந்தால் நம் ஊர் பப்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அது எருமை இறைச்சி. அப்புறம் டிரைவரை 'தாய்' என்று கூப்பிட்டால் அண்ணன் என்று அர்த்தம். முறுக்கு மீசைக்காரரைத் தாயே என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

7. மேலே ஏறுவது

போக்ரா கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் சொச்சம். அங்கிருந்து ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு ஏறுவது உடம்புக்கு ஆகாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதற்கும் மேலே இன்னொரு ஆயிரம் மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே நாளில் முக்திநாத் தரிசனம்" என்ற விளம்பரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு ராத்திரியாவது ஜோம்சோம், மார்பா, காக்பேனி ஆகியவற்றில் ஏதாவதொன்றில் தங்குங்கள்; எல்லாம் 2,700, 2,800 மீட்டர் அளவில் இருப்பவை. நான் மார்பாவைச் சொல்வேன். வெள்ளையடித்த கல் வீடுகள், ஆப்பிள் தோட்டம், காற்று புகாத சந்துகள்.

சாலை வழி என்றால் பேனி, தாதோபானி வழியாக ஒன்பது பத்து மணி நேரம் ஜீப்பில் குலுங்க வேண்டும். தாதோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அங்கே ராத்திரி தங்கிப் போகிறவர்களும் உண்டு. தனி ஜீப் பேசும்போது போக வர, காத்திருக்கும் நாள், டிரைவர் சாப்பாடு, தங்கல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக என்சியில் பேசுங்கள்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பாருங்கள். உயரத்தால் வரும் கோளாறுக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை அவர் சொன்னால் மட்டும் போடுங்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. மேலே போனதும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். கூடினால் மருந்து தேடி உட்காராதீர்கள், கீழே இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் இறங்க வேண்டும். இதைக் கணவனும் மனைவியும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பித்ரு காரியம் செய்ய நினைப்பவர்கள் காக்பேனியில் ஆற்றங்கரையில் செய்யலாம். நல்ல நாட்களில் கூட்டம் இருக்கும், முந்தைய நாளே விடுதிக்காரரிடம் சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்து தருவார்.

8. நூற்றெட்டுத் தாரை

ஜீப் ராணிபவ்வா என்ற ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்றமும் படியும். சாதாரணமாக அரை மணி நேர நடை, எங்களுக்கு ஒரு மணி ஆனது. குதிரை கிடைக்கும், முழங்கால் வலி இருப்பவர்கள் யோசிக்காமல் ஏறிவிடுங்கள். போகவும் வரவும் சேர்த்து விலை பேசுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 பித்தளை மாட்டுத் தலைகள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனி உருகிய தண்ணீர் கொட்டும். ஓரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றுக்கும் அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு ஓடுவது வழக்கம். பத்தாவது தாரைக்குள் எனக்கு உச்சந்தலை மரத்துவிட்டது. முன்னால் போனவர் "இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு" என்று எண்ணிக்கொண்டே போனார், ஐம்பதுக்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. அதோடு முடியாது, கோயிலுக்கு முன்னால் இரண்டு குளங்கள், அதிலும் முங்கி எழ வேண்டும். அப்புறம்தான் தரிசனம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: புடவையில் இறங்காதீர்கள். நனைந்த பருத்திப் புடவை காலைச் சுற்றிக்கொள்ளும், தரை வழுக்கும். சுடிதார் நல்லது. உடை மாற்ற மறைவிடம் இருக்கிறது, ஆனால் விரல் விறைத்துப்போய் ஊக்கு மாட்ட வராது. ஊக்கு, கொக்கி இல்லாத மாற்றுடை எடுத்துப் போங்கள். பெரிய துண்டு இரண்டு, கம்பளிக் குல்லா, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. நீங்கள் குளிக்கும்போது கணவர் வறண்ட துணியோடு கரையில் நிற்கட்டும், அப்புறம் முறை மாறலாம். இருவரும் ஒரே நேரத்தில் ஈரமாகி நிற்பது முட்டாள்தனம், நாங்கள் அதைத்தான் செய்தோம். உடம்பு சரியில்லாதவர்கள் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

திரும்புமுன் பக்கத்தில் ஜ்வாலா மாயி கோயிலைப் பார்த்துவிடுங்கள். குனிந்து ஒரு சின்னக் கம்பி வலைக்குள் பார்த்தால், நீல நிறத்தில் விரல் நுனி அளவு சுடர். பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயு எரிகிறது, அதற்கு அடியிலேயே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. பார்த்துக்கொள்பவர்கள் பௌத்தத் துறவிப் பெண்கள். இந்த வளாகம் முழுக்கவே இரு சமயத்தாருக்கும் பொது. அவர்களும் கும்பிடுகிறார்கள், நாமும் கும்பிடுகிறோம். பிரார்த்தனைக் கொடிகளைத் தாண்டிக் குதிக்காமல், சுற்றிப் போனால் போதும்.

9. இறங்குவதும் காற்றும்

இப்போது அந்த ஏழாம் நாள். தரிசனம் முடிந்து ஜோம்சோமில் தங்கி, மறுநாள் காலை விமானத்துக்குத் தயாராக நின்றோம். ஏழு மணிக்கு வானம் கண்ணாடி மாதிரி. எட்டு மணிக்குப் போக்ராவில் மேகம் என்றார்கள். பத்து மணிக்கு இங்கே காற்று எழும்பிவிட்டது, ஓடுபாதைக்கு மேல் புழுதி பறந்தது. அன்றைக்கு விமானம் இல்லை. மறுநாளும் அதே கதை. அன்று மத்தியானம் ஒரு ஜீப்பில் கிடைத்த பின் இருக்கையில் ஏறினோம். போக்ரா வந்து சேர்ந்தபோது நடுராத்திரி, காத்மாண்டுவிலிருந்து எங்கள் தில்லி விமானம் மறுநாள் காலை. பிடிக்க முடியவில்லை. புது டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ரூபாய்.

ஜோம்சோம் விமானம் ரத்தாவது அபூர்வ நிகழ்ச்சி இல்லை. ஒரு நாள் பாருங்கள், மறுநாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஜீப்பைப் பிடியுங்கள். ரத்தான டிக்கெட் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்று வாங்கும்போதே கேளுங்கள். போக்ரா, காத்மாண்டு இரண்டுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் சாலை. தூரத்தைப் பார்த்து நான்கு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், எட்டு மணி நேரமாவது ஆகும்.

மிச்சமிருக்கும் நேபாள ரூபாயைக் காத்மாண்டுவிலேயே மாற்றிவிடுங்கள், இங்கே வங்கியில் வாங்க மாட்டார்கள். முக்திநாத் தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்திருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் வையுங்கள். நாங்கள் கைப்பையில் வைத்திருந்தோம். சோதனையில் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அங்கேயே ஓரமாக நின்று மூடியைத் திறந்து, பாதியைக் குடித்துவிட்டு, மீதியை என் தலையில் கொட்டினார்.